பற்காரை: சீனி சாந்தாகும் விதம்



மொழி வளர்க்கும் மன்றத்தின் உரைத்தொடரில் பல்லைப் பற்றியும் நுண்ணுயிரைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. அறிவியலைத் தமிழில் எடுத்துரைக்க முனையும்போதுதான் ஒரு சொல்லின் பொருத்தமும் பொருத்தமின்மையும் நமக்குப் புலப்படுகின்றன. பொருந்தாத சொல் பொருந்தாத செயலுக்கு வழிகாட்டிவிடுவதும் உண்டு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதற்கு நல்லதொரு சான்று.

காலையில் எழுந்து பல் துலக்குமுன் நாவினால் பற்களைத் தடவினால் ஒரு மெல்லிய படலம் தட்டுப்படும். அதனை நம் வீடுகளில் அழுக்கு என்கிறோம், ஊத்தை என்கிறோம். அழுக்கு என்றால் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, கழுவினால் போய்விடுவது என்று பொருள். ஆகவே, வாயை நன்றாகக் கொப்பளித்தால் போதும் என்னும் எண்ணமும் அச்சொல்லுடன் சேர்ந்தே வந்துவிடுகிறது. பல் சொத்தையான பிள்ளையைச் சுத்தமில்லாத பிள்ளை என்று ஏசும் வழக்கத்திற்கும் அச்சொல்லே துணைபோகிறது.

தமிழில் மற்றொரு சொல்லும் உண்டு. அது பற்காரை. காரை என்பது சுவரில் பூசப்படும் சுண்ணாம்புச் சாந்து. தமிழ்நாட்டின் பழைய கட்டடங்களில் சுண்ணாம்புக் காரையைக் குழைக்கும்போது கருப்பட்டி நீரையும் கடுக்காய் நீரையும் சேர்ப்பது கொத்தர்களின் மரபு. இனிப்பும் சுண்ணாம்பும் கூடி இறுகுவதே அந்தக் காரை. நம் பல்லின் மேலும் ஏறக்குறைய அதுவே நிகழ்கிறது. நாம் உண்ணும் சீனியை நுண்ணுயிர்கள் சாந்தாக்குகின்றன. உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதனைக் கல்லாக்குகிறது. பல்லின் மேல் படிவது அழுக்கன்று, ஒரு கட்டுமானம் என்பதை உணர்ந்தால், பல்லைக் காக்கும் முறையும் பிள்ளைகளிடம் நாம் பேசும் முறையும் மாறும். இதுவே இன்றைய உரையின் கருத்து.

டெல்ஃப்ட் நகரத்து வணிகர் கண்டது

நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த துணி வணிகர் அந்தோனி வான் லேவன்ஹூக். தாமே கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து நுண்ணோக்கி செய்துகொண்டவர். 1683ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் லண்டன் அரச கழகத்திற்கு ஒரு மடல் எழுதினார். நாள்தோறும் உப்பினால் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கும் பழக்கம் உடையவராயினும், தம் பல்லிடுக்கில் மாவு போன்ற வெண்பொருள் தங்குவதைக் கண்டு, அதனை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். அதில் உயிருள்ள சிற்றுருக்கள் நீந்தித் திரிந்தன. மனிதர் பாக்டீரியாவைக் கண்டு எழுதிவைத்த மிகப் பழைய பதிவுகளுள் இதுவும் ஒன்று.

அவர் செய்த அடுத்த சோதனைதான் நமக்கு இன்னும் முக்கியமானது. புளிக்காடி எனப்படும் வினிகரை வெண்பொருளுடன் நேராகக் கலந்தபோது அச்சிற்றுயிர்கள் மடிந்தன. ஆனால், வினிகரால் வாயைக் கொப்பளித்த பின்பும் பல்லிடுக்கிலிருந்து எடுத்த பொருளில் அவை உயிருடன் இருந்தன. வினிகர் மேற்பரப்பில் இருந்தவற்றை மட்டுமே கொன்றது. படலத்தின் உட்பகுதிக்குள் புகவில்லை என்று அவர் முடிவு செய்தார். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அக்கூற்று இன்றும் செல்லும். அந்தப் படலத்திற்குள் நுண்ணுயிர்களைக் காக்கும் ஏதோ ஒன்று இருந்தது. அது என்ன என்பது விளங்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் பலர் வழி அமைத்தனர். பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லபி மில்லர், வாய்க் கிருமிகள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக்குகின்றன, அவ்வமிலமே பல்லை அரிக்கிறது என்று 1890இல் தம் நூலில் விளக்கினார். லண்டனில் கிலியன் கிளார்க் என்பவர் 1924இல் சொத்தைப் பல்லிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதன் வடிவம் சூழலுக்கேற்ப மாறியமையால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார். 1954இல் ஓர்லண்டும் அவருடைய குழுவினரும், கிருமிகளே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு எவ்வளவு இனிப்புணவு கொடுத்தாலும் பல் சொத்தையாவதில்லை என்று காட்டினர். இனிப்பு மட்டும் இருந்தால் போதாது, கிருமியும் வேண்டும் என்பது அதனால் உறுதியாயிற்று.

கட்டுமானம் எழும் வரிசை

நம் வாயில் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. பேசும்போதும் மெல்லும்போதும் விழுங்கும்போதும் அது வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. ஓடும் நீரில் மிதப்பது போன்ற இந்நிலையில், பற்றிக்கொள்ளும் வழி தெரியாத எந்த நுண்ணுயிரும் இரைப்பைக்குள் அடித்துச் செல்லப்பட்டுவிடும். ஆகவே, வாயில் வாழ விரும்பும் உயிருக்கு முதல் தேவை பிடிமானம்.

பல்லைத் துலக்கிய சில நிமிடங்களுக்குள் உமிழ்நீரிலுள்ள புரதங்கள் எனாமலின் மேல் மிக மெல்லிய பூச்சாகப் படிகின்றன. இது தீங்கற்றது, பல்லுக்குக் காப்பாகவும் அமைவது. இந்தப் பூச்சின் மேல்தான் முதற்குடியேறிகள் வந்து ஒட்டுகின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஓராலிஸ், ஆக்டினோமைசிஸ் முதலியவை அவை. அவற்றின் மேல் வேறு இனங்கள் ஒட்டுகின்றன. ஃபூசோபாக்டீரியம் என்னும் நீண்ட வடிவப் பாக்டீரியா, முன்பே வந்தவற்றையும் பின்னர் வருபவற்றையும் பிணைக்கும் பாலமாக நிற்கிறது. மனித வாயில் இதுவரை அறியப்பட்டுள்ள பாக்டீரியா இனங்கள் ஏறக்குறைய 700. முற்றிய படலத்தில் ஒரு மில்லிகிராம் எடுத்தால் அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட உயிரணுக்கள் இருக்கும்.

இவ்வளவு உயிர்களும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி வைத்த செங்கற்களைப் போல நிற்கின்றன. செங்கல்லை அடுக்கினால் மட்டும் சுவர் நிற்குமா? இடையே சாந்து வேண்டும். அந்தச் சாந்தின் முக்கியமான கூறுதான் நுண்ணுயிர்கள் தம் உடலுக்கு வெளியே உருவாக்கும் கூட்டுச்சர்க்கரை.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. பல சர்க்கரை அலகுகள் சங்கிலியாகச் சேர்ந்த பொருளைப் பல்சர்க்கரை என்று மொழிபெயர்ப்போர் உண்டு. வேறு இடங்களில் அது பொருந்தலாம். பல்லைப் பற்றிய கட்டுரையில் அச்சொல்லைக் கண்ட மாணவர், பல்லில் ஒட்டிய சர்க்கரை என்றே பொருள் கொள்வார். 'பல' என்பதும் 'பல்' என்பதும் தமிழில் இவ்வளவு நெருங்கி நிற்பதால் வரும் இடர் இது. எனவே கூட்டுச்சர்க்கரை என்னும் சொல்லையே நாம் இங்குக் கையாளுகிறோம்.

ஒரே செங்கல், வெவ்வேறு பிணைப்பு

அரிசியிலுள்ள மாவுப்பொருள் குளுக்கோஸ் அலகுகளால் ஆனது. பருத்தி நூலும் குளுக்கோஸ் அலகுகளால் ஆனதே. ஒன்று சோறாகிறது, மற்றொன்று ஆடையாகிறது. செங்கல் ஒன்றே, செங்கல்லைச் செங்கல்லுடன் பிணைக்கும் கோணமும் இடமுமே வேறு. பிணைப்பு மாறினால் பொருளின் இயல்பே மாறிவிடுகிறது.

நுண்ணுயிர்கள் இத்தகைய சங்கிலிகளைப் பின்னுவதில் கைதேர்ந்தவை. நம் நாட்டுக் கடைகளில் குளிர்பானங்களிலும் இனிப்புக் கிண்ணங்களிலும் கிடைக்கும் நாட்டா டி கோகோ என்னும் வெண்ணிறக் கட்டிகளை மாணவர்கள் சுவைத்திருப்பார்கள். இளநீரில் அல்லது தேங்காய் நீரில் ஒருவகைப் பாக்டீரியாவை வளர்க்கும்போது அது தன்னைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும் செல்லுலோஸ் படலமே அது. நுண்ணுயிர் கட்டிய வீட்டின் சுவரைத்தான் நாம் மென்று சுவைக்கிறோம்.

சீனி ஆலைகளும் இத்தகைய பொருளை நெடுங்காலமாக அறிந்துள்ளன. கரும்புச்சாறும் கிழங்குச்சாறும் சில வேளைகளில் கொழகொழவென்று திரிந்து குழாய்களை அடைத்துவிடும். இதற்கு நுண்ணுயிரே காரணம் என்று லூயி பாஸ்டர் 1861இல் கண்டார். லியூகோநாஸ்டாக் என்னும் அப்பாக்டீரியா சுக்ரோஸைக் கொண்டு செய்யும் கூட்டுச்சர்க்கரைக்கு டெக்ஸ்ட்ரான் என்று பெயர். ஆலைக்குத் தொல்லையாக இருந்த அதே பொருளைச் சுவீடன் நாட்டார் 1940களில் தூய்மையாக்கி, குருதி இழந்தோருக்கு ஏற்றும் மருத்துவக் கரைசலாக்கினர். பொருள் நல்லதா தீயதா என்பது அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பல்லின் மேல் அது இருந்தால் என்ன ஆகும்?

சீனியின் தனிச்சிறப்பு

நாம் சீனி என்று அழைப்பது வேதியியலில் சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் இணைந்தது அது. அவ்விரண்டையும் இணைத்து நிற்கும் பிணைப்பில் மிகுந்த ஆற்றல் அடங்கியுள்ளது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் தன் உடலுக்கு வெளியே சுரக்கும் குளுக்கோசில் மாற்று நொதிகள் அப்பிணைப்பை அறுக்கின்றன. அதிலிருந்து வெளிப்படும் ஆற்றலையே பயன்படுத்திக் குளுக்கோஸ் அலகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் குளுக்கான் என்னும் கூட்டுச்சர்க்கரையை உருவாக்குகின்றன. வேறெங்கிருந்தும் ஆற்றல் கடன் வாங்க வேண்டியதில்லை. மிஞ்சிய ஃபிரக்டோஸைப் பாக்டீரியா உள்ளே இழுத்து உணவாக்கி, லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகிறது. ஒரு சீனி மூலக்கூறில் பாதி சுவராகிறது; பாதி சோறாகிறது. வீணாவது எதுவுமில்லை.

இப்பாக்டீரியாவிடம் இத்தகைய நொதிகள் மூன்று உள்ளன. ஒன்று நீரில் கரையாத குளுக்கானைச் செய்கிறது. மற்றொன்று கரையும் குளுக்கானைச் செய்கிறது. மூன்றாவது இரண்டையும் செய்யவல்லது. டெக்ஸ்ட்ரானில் குளுக்கோஸ் அலகுகள் பெரும்பாலும் 1,6 என்னும் இடங்களில் பிணைந்திருக்கும். அதனால் அது நீரில் கரையும். கரையாத குளுக்கானில் 1,3 என்னும் பிணைப்புகளே மிகுதி. உமிழ்நீர் எவ்வளவு பாய்ந்தாலும் அது கரைந்து போகாது. நம் உமிழ்நீரில் மாவுப்பொருளை உடைக்கும் நொதி உண்டு; அதனாலும் இந்தப் பிணைப்பை அறுக்க இயலாது.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. இந்நொதிகள் சுரந்த உயிரிடமே தங்கிவிடுவதில்லை. பல்லின் மேலுள்ள புரதப் பூச்சிலும் அண்டை இனப் பாக்டீரியாக்களின் மேலும் ஒட்டிக்கொண்டு, அங்கேயும் குளுக்கானை உருவாக்குகின்றன. குளுக்கான் செய்யத் தெரியாத உயிரும் இதனால் அக்கட்டடத்தில் இடம்பெறுகிறது. ஒரு கொத்தர் தெருவுக்கே சாந்து குழைத்துக் கொடுப்பதைப் போன்றது இது.

ஆய்வுக்கூடத்தில் இதனைக் கண்ணாலேயே காணலாம். இப்பாக்டீரியாவைக் குளுக்கோஸ் கலந்த நீர்மத்தில் வளர்த்தால் கண்ணாடிக் குழாயின் அடியில் கசடாகத் தங்கும், குலுக்கினால் கலங்கும். சுக்ரோஸ் கலந்த நீர்மத்தில் வளர்த்தால் கண்ணாடியின் சுவரிலேயே இறுகப் பற்றி நிற்கும். குழாயைக் கவிழ்த்தாலும் விழாது. இனிப்புப் பொருள்களுள் சீனிக்கு மட்டும் இத்தனை கெட்ட பெயர் ஏன் என்பதற்கு விடை இங்கே உள்ளது. பல வகைச் சர்க்கரைகள் அமிலத்திற்கு மூலப்பொருளாகும். இந்தச் சாந்துக்கு மூலப்பொருளாவது சுக்ரோஸ்.

கருப்பட்டியும் குலா மெலாக்காவும் நாட்டுச் சர்க்கரையும் இயற்கையானவை, ஆதலால் பல்லுக்குத் தீங்கில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவற்றிலும் மிகுதியாக இருப்பது சுக்ரோஸே. நிறத்தையும் மணத்தையும் நாவு வேறுபடுத்தி அறியும், நொதி அறியாது.

சுவருக்குள் நிகழ்வது

கட்டடம் எழுந்தபின் அதன் உள்ளே நிகழ்வதே பல்லுக்குக் கேடு. ராபர்ட் ஸ்டீஃபன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1940களில் பற்படலத்தின் அமிலத்தன்மையை அளந்து காட்டினார். சர்க்கரைக் கரைசலால் வாயைக் கொப்பளித்த சில நிமிடங்களுக்குள் படலத்தின் பிஎச் அளவு சரேலென்று இறங்குகிறது. பிறகு அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொண்டு மெல்ல ஏறிப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பிஎச் 5.5 அளவுக்குக் கீழே இறங்கும்போது எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. மீண்டும் ஏறும்போது உமிழ்நீர் அவற்றைத் திருப்பித் தருகிறது. இவ்வாறு இழப்பும் மீட்பும் நாள்தோறும் நம் வாயில் மாறி மாறி நிகழ்கின்றன. மீட்பைவிட இழப்பு மிகுமானால் சொத்தை விழுகிறது.

குளுக்கான் சுவர் இந்தக் கணக்கைப் பல்லுக்கு எதிராகச் சாய்க்கிறது. சர்க்கரை அதனுள் எளிதில் ஊறிச் செல்கிறது. ஆனால், உள்ளே பிறந்த அமிலத்தைத் தணிக்க வரும் உமிழ்நீரின் ஆற்றல் அடித்தளத்தை எளிதில் எட்டுவதில்லை. எனாமலை ஒட்டிய இடங்களில் அமிலம் தேங்கி நிற்கிறது. அமிலத்தைத் தாங்கவல்ல இனங்கள் அங்கே பெருகுகின்றன. தாங்க இயலாத நல்லினங்கள் ஒடுங்குகின்றன. ஆகவே, ஒரே ஒரு கிருமி ஊருக்குள் நுழைந்து நோய் பரப்புவதாக இன்று அறிஞர்கள் கருதுவதில்லை. அடிக்கடி வரும் இனிப்பு வாயின் சூழலையே மாற்றி, அங்கு முன்பே இருந்த சில இனங்களுக்கு ஆட்சியைக் கொடுத்துவிடுகிறது என்பதே இன்றைய விளக்கம்.

படலத்தை அகற்றாமல் விட்டால் சில நாள்களிலேயே அதில் கால்சியம் பாஸ்பேட் படியத் தொடங்குகிறது. மென்படலம் கல்லாகிறது. ஆகவே, மென்மையாக இருப்பதைப் பற்படலம் என்றும், இறுகிக் கல்லானதைப் பற்காரை என்றும் பிரித்து வழங்குவது மாணவர்க்குத் தெளிவு தரும். பற்படலத்தை நாமே அகற்றலாம். பற்காரையைப் பல் மருத்துவர்தான் கருவியால் பெயர்த்தெடுக்க வேண்டும்.

இரண்டு சோதனைகள்

இந்த அறிவு எவ்வாறு கிடைத்தது என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹாரல்ட் லோ என்னும் பேராசிரியர் 1965இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஈறு நலமாக இருந்த 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. படலமே ஈறு நோய்க்குக் காரணம் என்பது ஐயமின்றி விளங்கிற்று.

மற்றொரு சோதனை சுவீடனின் லுண்ட் நகரில், விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1945 முதல் நிகழ்ந்தது. அங்கிருந்தோர் அறிவு வளர்ச்சி குன்றியவர்கள். மறுக்கவும் வெளியேறவும் இயலாதவர்கள். அவர்களைக் குழுக்களாகப் பிரித்துச் சிலருக்கு உணவுடன் சர்க்கரையும், சிலருக்கு உணவு வேளைகளுக்கு இடையே ஒட்டும் மிட்டாய்களும் கொடுத்தனர். ஒரு குழுவினருக்கு நாளொன்றுக்கு 24 மிட்டாய்கள். செலவில் ஒரு பங்கைச் சர்க்கரை, மிட்டாய்த் தொழில்துறையினர் ஏற்றனர். 1954இல் முடிவுகள் வெளிவந்தன. உணவு வேளையில் உண்ட சர்க்கரையால் சொத்தை பெரிதும் கூடவில்லை. இடைவேளைகளில் மென்ற ஒட்டும் இனிப்பால் பற்கள் பெருமளவில் அழிந்தன. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதே முக்கியம் என்னும் உண்மை இவ்வாறு உறுதிப்பட்டது. சுவீடன் நாட்டுப் பிள்ளைகள் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் உண்ணும் வழக்கம் அதன் விளைவே.

இரண்டு சோதனைகளும் உண்மையைக் காட்டின. முதலாவதில் கலந்துகொண்டோர் தாம் செய்வது இன்னதென அறிந்திருந்தனர். கேடும் மீளக்கூடியதாக இருந்தது. இரண்டாவதில் பிறருடைய பற்களை விலையாகக் கொடுத்து அறிவு வாங்கப்பட்டது. அவர்கள் ஒப்புதல் தரும் நிலையில் இல்லை. இடைவேளையில் இனிப்பு உண்ணாதே என்று நாம் இன்று எளிதாகச் சொல்லும் அறிவுரைக்குப் பின்னே அம்மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்களை நினைவில் கொள்வதும் அறிவியல் கல்வியின் ஒரு பகுதியே.

நம் நாடுகளில்

சிங்கப்பூரில் 1950களிலேயே குழாய்நீரில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கினர். மலேசியாவில் 1972இல் அரசு அதனைக் கொள்கையாக ஏற்றது. ஃபுளோரைடு எனாமலின் மீட்பைத் துணைநின்று விரைவாக்குகிறது. 2019 ஜூலை முதல் நாளிலிருந்து மலேசியாவில், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள குளிர்பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து புட்டிகளிலும் பொட்டலங்களிலும் விற்கப்படும் பானங்களுக்குச் சர்க்கரை அளவையும் நிறைவுற்ற கொழுப்பு அளவையும் கொண்டு ஏ முதல் டி வரை தரக்குறியீடு வழங்கப்படுகிறது. இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவை.

எனினும், அரசு அளப்பது கிராமை. படலத்திலுள்ள நுண்ணுயிருக்கு முக்கியமானது வேளை. ஒரு குவளை தே தாரிக்கைக் காலை உணவுடன் பருகி முடிப்பவருக்கு அமிலத்தின் வேளை ஒன்று. அதே குவளையை மேசையில் வைத்துக்கொண்டு நண்பகல் வரை மிடறு மிடறாக அருந்துபவருக்கு, படலம் ஒருமுறைகூட மீளாமல் காலை முழுவதும் அமிலத்திலேயே ஊறிக்கிடக்கிறது. சீனியின் அளவு இருவருக்கும் ஒன்றே. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் உண்பதை நாம் தடுக்க வேண்டியதில்லை. உணவோடு உண்டு, நீர் அருந்தி, அடுத்த வேளை வரை வாயை ஓயவிட்டால் பண்டிகையும் பல்லும் ஒருங்கே நிலைக்கும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை இரவே ஆபத்தான வேளை. உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைந்துவிடுகிறது. இனிப்புப் பாலோ பழச்சாறோ நிறைந்த புட்டியை வாயில் வைத்தபடி உறங்கும் குழந்தையின் மேல் முன்பற்கள் முதலில் சிதைகின்றன. பாற்பல் எப்படியும் விழப்போவதுதானே என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. கடைவாய்ப் பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அவை வலித்தால் பிள்ளை உண்ணாது, உறங்காது. வகுப்பில் பாடமும் செவியில் ஏறாது. பின்வரிசையில் கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கவனக்குறைவுடையவன் என்று முடிவு செய்யுமுன் ஆசிரியர்கள் அதன் வாயையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுவரை இடிக்கும் வழி

சாந்தையே கரைத்துவிட்டால் என்ன என்னும் எண்ணம் ஆய்வாளர்க்கும் எழுந்தது. 1960களின் இறுதியில் டெக்ஸ்ட்ரானை அறுக்கும் நொதியை வெள்ளெலிகளுக்குக் கொடுத்தபோது படலமும் சொத்தையும் குறைந்தன. மனிதரிடம் அந்த அளவுக்குப் பயன் கிட்டவில்லை. நாம் மேலே கண்ட 1,3 பிணைப்புகளை அந்நொதி அறுப்பதில்லை என்பது அதற்கு ஒரு காரணம். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் குளுக்கான் செய்யும் நொதிகளைத் தடுக்கின்றன என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால், அத்தேநீரில் நாம் கலப்பது கெட்டிப்பால். அதில் இருப்பது அதே சுக்ரோஸ்.

எனவே, இன்றும் உறுதியான வழி கையால் தேய்த்து அகற்றுவதே. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதி என்று நம் முன்னோர் பழமொழியில் இணைத்துச் சொன்னபோது, அக்குச்சிகளின் துவர்ப்பு மட்டும் அவர்கள் கருத்தில் இருந்திருக்காது. மென்று நாராக்கிய குச்சியால் பொறுமையாகத் தேய்க்கும் செயலும் அதில் அடக்கம். இன்று குச்சிக்குப் பதில் தூரிகை உள்ளது. ஃபுளோரைடு கலந்த பற்பசையும் உள்ளது. காலையிலும் உறங்கப்போகுமுன்னும், ஈறும் பல்லும் கூடுமிடத்திலும் பல்லிடுக்கிலும் தேய்ப்பதே வேலையின் உயிர்நாடி. கொப்பளிப்பது மட்டும் போதாது என்பதை லேவன்ஹூக் தம் வினிகரால் முன்பே காட்டிவிட்டார்.

ஆசிரியர்களுக்கு இரண்டு எளிய பயிற்சிகளை முன்வைக்கிறோம். ஒரு முட்டையை வினிகரில் ஓரிரு நாள் வைத்தால் அதன் ஓடு கரைந்து மென்தோல் மட்டும் எஞ்சும். சுண்ணாம்புச் சத்தை அமிலம் எவ்வாறு கவர்ந்துகொள்கிறது என்பதை மாணவர் தொட்டே உணர்வர். அடுத்து, ஒரு நாளை 24 கட்டங்களாக வரையச் சொல்லி, இனிப்பு உண்ட அல்லது பருகிய ஒவ்வொரு வேளையையும் மாணவர் குறிக்கட்டும். ஒவ்வொரு குறியையும் அரை மணி நேர அமிலமாகக் கணக்கிடட்டும். எவ்வளவு இனிப்பு என்னும் கேள்வியிலிருந்து எத்தனை முறை என்னும் கேள்விக்கு அவர்கள் தாமாகவே வந்துசேர்வார்கள்.

சொல்லுக்குத் திரும்பி இவ்வுரையை நிறைவு செய்கிறோம். பல்லில் படிவதை அழுக்கு என்று அழைத்தால், சொத்தைப் பல் உடைய பிள்ளை வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொள்ளும். வாயைப் பொத்திய பிள்ளைக்கு மருத்துவம் செய்ய இயலாது. அதனைச் சீனியைச் சாந்தாகக் கொண்டு எழும் ஒரு கட்டுமானம் என்று விளக்கினால், எந்தப் பொருளைக் குறைத்தால் சுவர் எழாது, எப்போது தேய்த்தால் சுவர் இறுகாது என்று அப்பிள்ளை கேள்வி கேட்கும். பிள்ளைகளை வாய்திறந்து கேட்க வைக்கும் சொற்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது தமிழ் கற்பிக்கும் நம் அனைவரின் கடமையாகும்.